இருபது ஆரோக்கியசாலிகள்

"நாலு மணிக்கு விசாரணை அக்கா. இன்னைக்கு நாலு மணிக்கு. அதோட அவருக்கு வேலை போயிடும்."

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவரின் மனைவி நாற்காலி நுனியில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது சுவர்க்கடிகாரத்தில் மணி ஒன்பது. எதிரே இருந்த பெண்மணி கடிகாரத்தைப் பார்த்தார். மேசைமேல் பரப்பியிருந்த காகிதங்களைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

அவரை எல்லோரும் செக்கிங்கம்மா என்பார்கள். இருபத்தெட்டு வருஷம் பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக ஏறி இறங்கியவர். ஓய்வு பெற்றதும் சும்மா இருக்கப் பிடிக்காமல், சாவிக்கடைக்கு மேலே ஒற்றை அறையை எடுத்து 'துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டிவிட்டார். சும்மா இருக்கப் பிடிக்கவில்லை என்பது வெளியே சொல்லும் காரணம். மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில் குக்கர் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை என்பதுதான் நிஜக் காரணம். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, கேட்டவர்களும் இல்லை.

ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தவர் உதவியாளர். முன்னாள் கண்டக்டர். ஒரு காலத்தில் கிழித்த டிக்கெட்டையே இரண்டாவது முறை விற்று, செக்கிங்கம்மாவிடமே கையும் களவுமாக மாட்டியவர். 'பிடிச்சுக் குடுத்தவங்ககிட்டயே வேலைக்குச் சேர்ந்த ஒரே குற்றவாளி நான்தான்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

"முதல்லேர்ந்து சொல்லும்மா" என்றார் செக்கிங்கம்மா.

"ஆறு மாசமா தள்ளாடுறாருக்கா. சுவத்தைப் புடிச்சிட்டுத்தான் நடக்குறார். வெச்ச பொருளை மறந்துடுறார். கொதிக்கக் கொதிக்க டீயைக் குடுத்தாலும் டம்ளரை அப்படியே உள்ளங்கையில வெச்சிருக்கார். சுடலையான்னு கேட்டா, சுடுதான்னு என்னையே திருப்பிக் கேக்குறார். கம்பெனியில குடிச்சிருக்கார்னுட்டாங்க. சத்தியமா சொல்றேன், அந்த மனுஷன் குடிச்சதே இல்ல."

"ஊதச் சொல்லிப் பார்த்திருப்பாங்களே?"

"பார்த்தாங்க. மெஷின்ல ஒண்ணும் காட்டல. அப்ப வேற ஏதோ போதைன்னு எழுதிட்டாங்க. வெளி டாக்டர் ஒருத்தர்தான் இது வைட்டமின் பி பன்னிரண்டு குறைச்சலா இருக்கும், நரம்பைத் தின்னுடும், லேட்டானா கால் பழையபடி ஆகாதுன்னார். வைட்டமினை அளந்தா இதுவுமில்லாம அதுவுமில்லாம நடுவுல வந்துச்சு. அதனால இன்னொரு டெஸ்ட் எழுதினார். வைட்டமின் இருக்காங்கறது ஒண்ணு, அது வேலை செய்யுதாங்கறது இன்னொண்ணாம். வேலை செய்யலைன்னா ரத்தத்துல ஒரு அமிலம் தேங்கிடுமாம். அதை அளந்தா குட்டு உடைஞ்சிடும்னார்."

"கரெக்ட்" என்றார் கண்டக்டர். "ஆபீசர் வந்தாரான்னு கையெழுத்தைப் பார்க்காதே, மேசையில ஃபைல் குவிஞ்சிருக்கான்னு பாருங்கற கதை."

"அந்த டெஸ்ட்லயும் நார்மல்னு வந்துடுச்சு" என்றாள் அவள். "அந்தக் காகிதத்தை வெச்சுத்தான் கம்பெனி டாக்டர், உடம்புல ஒரு கோளாறும் இல்ல, ஆள்தான் கோளாறுங்கறார். வெளி டாக்டரும் குழம்பிட்டார். அந்த லேபுக்கு நாலு பேரை அனுப்பினேன், நாலு பேருக்கும் நார்மல்னு வருதேன்னு தலையைச் சொறியறார்."

செக்கிங்கம்மா காகிதத்தை எடுத்தார். அமிலத்தின் அளவு 0.98. பக்கத்தில் 'இயல்பு: 1.10 வரை' என்று அச்சடித்திருந்தது.

"கிளம்புங்க கண்டக்டர்" என்றார்.

"எங்கம்மா?"

"நாலு பேரும் நார்மலா இருக்கற அந்த அதிசயத்தைப் பார்க்க."

ரத்தப் பரிசோதனை நிலையம் சின்னதுதான். நாலு நாற்காலி, ஒரு மீன்தொட்டி, அதில் ஒரே ஒரு மீன். 'ஞாயிறு விடுமுறை' என்று கண்ணாடிக் கதவில் எழுதியிருந்தது. முகப்பில் இருந்த பெண்ணிடம் செக்கிங்கம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அந்த அமில டெஸ்ட்டை இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்கள், அதில் எத்தனை பேருக்கு அதிகம் என்று வந்தது?

அந்தப் பெண் கம்ப்யூட்டரைத் தட்டினாள். "புது மெஷின் வந்து மூணு மாசம் ஆச்சு. இருநூத்தி பதினாலு பேர். அதிகம்னு…" அவள் நிறுத்தினாள். "யாருக்குமே வரலையே!"

"எல்லாரும் நல்லா இருக்காங்க, சந்தோஷம்தானே?" என்றார் கண்டக்டர்.

"இல்ல. ஒரு ரூட்ல மூணு மாசமா டிக்கெட் இல்லாத ஆள் ஒருத்தன்கூடப் பிடிபடலைன்னா, ஜனங்க திருந்திட்டாங்கன்னா அர்த்தம்? செக்கிங் பண்றவன் தூங்குறான்னு அர்த்தம்."

கண்டக்டர் முகத்தில் பழைய நினைவு ஒன்று வந்துபோனது. அதை மறைக்க அவர் மேசைமேல் சாய்ந்தார். மேசை ஒரு பக்கமாக ஆடியது. ஆடுகிற மேசையைக் கண்டால் அவருக்குச் சும்மா இருக்க முடியாது. குனிந்தவர், காலுக்கு அடியில் மடித்துச் செருகியிருந்த காகிதத்தை உருவிக்கொண்டு எழுந்தார்.

"முட்டுக் குடுக்க வெச்சிருக்காங்க. ஆனா நல்ல வழவழ தாள்ம்மா."

பிரித்துப் பார்த்தால் அது அந்த அமில டெஸ்ட்டுக்கான மருந்துப் பெட்டியோடு வரும் விளக்கத்தாள். செக்கிங்கம்மாவின் விரல் வரிவரியாக இறங்கி ஓரிடத்தில் நின்றது. 'இயல்பு அளவு: 0.40 வரை.'

"மருந்து செய்யறவன் 0.40ங்கறான். இங்க 1.10 வரைக்கும் சரிங்கறாங்க. இந்தத் தாள் கணக்குப்படி நம்ம கிரேன்காரருக்கு ரெண்டு மடங்குக்கு மேல தேங்கியிருக்கு."

நிலையத்தின் முதலாளி ஒரு டாக்டர். நல்ல மனுஷர், பேச்சில் கொஞ்சம் பெருமை. விஷயத்தைக் கேட்டதும் அவர் கோபப்படவில்லை, சிரித்தார்.

"தாள்ல போட்டிருக்கறது எங்கேயோ இருக்கறவங்க அளவும்மா. அதை அப்படியே எடுத்துக்கக் கூடாது. உள்ளூர்ல ஆரோக்கியமா இருக்கற இருபது பேர் ரத்தத்தை எடுத்து நாமளே சரிபார்க்கணும். அதுதான் முறை. நாங்க பார்த்தோம். இருபது பேருக்கும் ஒண்ணை ஒட்டியே வந்தது. இந்தப் பக்கத்து ஆளுங்க உடம்பு வாகே அப்படி! எங்க டெக்னீஷியன் ஒழுங்கா ஃபைல் போட்டு வெச்சிருக்கார். போய்ப் பாருங்க, எனக்கு ஒளிச்சு வெக்க ஒண்ணுமில்ல."

மெஷின் அறை உள்ளே கடைசியில் இருந்தது. ஜன்னல் இல்லை. டெக்னீஷியனுக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டிருந்தார், ஆனால் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. ஆள் வந்ததே அவருக்குப் பெரிய விஷயம் போலிருந்தது. சுவரோரமாகவே நடந்துபோய் நாற்காலியைத் துடைத்தார். வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் டீ போட்டுக் கொண்டுவந்தார். பால் இல்லாத டீ.

"ஐயோ!" என்று கண்டக்டர் கத்தினார். வாங்கிய டம்ளரைப் பட்டென்று மேசையில் வைத்துவிட்டு விரலை ஊதினார். "அடுப்பையே டம்ளர்ல ஊத்திட்டீங்களா சார்?"

"சுடுதா?" என்றார் டெக்னீஷியன். அவருடைய டம்ளரை அவர் உள்ளங்கையோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

செக்கிங்கம்மா அந்தக் கையைப் பார்த்தார். காலையில் கிரேன்காரரின் மனைவி சொன்ன அதே வார்த்தை, வேறொரு வாயிலிருந்து. ஃபைலைக் கேட்டு வாங்கிப் பிரித்தார்.

இருபது படிவம். பெயர் இல்லை, வரிசை எண் மட்டும். வயது இருபத்து நான்கு, முப்பத்தொன்று, ஐம்பத்தெட்டு என்று விதவிதமாக இருந்தது. ரத்தம் எடுத்த நேரம் எல்லாவற்றிலும் காலை ஆறு நாற்பது. ஒரு நாளைக்கு ஒருவர் வீதம், விடாமல் இருபது நாள்.

"நடுவுல ரெண்டு ஞாயித்துக்கிழமை வருதே. அன்னைக்கு லேப் லீவுதானே?"

"நான் வருவேன் மேடம்" என்றார் அவர்.

அடுத்த கட்டம், முந்தின இரவு என்ன சாப்பிட்டார்கள் என்பது. கண்டக்டர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சத்தமாக வாசித்தார். "பன், பால் கலக்காத டீ, எட்டு பத்து. பன், பால் கலக்காத டீ, எட்டு பத்து. பன்… என்னம்மா இது, இருபது பேரும் ஒரே ஜெயில்ல இருந்தாங்களா?"

டெக்னீஷியன் சிரிக்க முயன்றார். வரவில்லை.

கடைசிக் கட்டத்தில் 'அவசரத்துக்குத் தகவல் தெரிவிக்க வேண்டியவர்' என்று அச்சடித்திருந்தது. செக்கிங்கம்மா முதல் தாளைப் பார்த்தார். வெறும் கோடு. இரண்டாவது தாளிலும் கோடு. மளமளவென்று புரட்டினார். இருபது தாளிலும் கோடுதான்.

கண்டக்டரும் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். அவர் வாய் தானாக மூடியதைச் செக்கிங்கம்மா அன்றுதான் பார்த்தார்.

"என் சர்வீஸ்ல ஒரு கண்டக்டர் இருந்தார்" என்று செக்கிங்கம்மா மெதுவாக ஆரம்பித்தார். "பஸ்ல ஒரே ஒரு ஆள் உக்காந்திருப்பான். அவர் பையில இருபது டிக்கெட் கிழிச்சிருக்கும். பாக்கி பத்தொன்பது பேர் எங்கன்னு கேட்டா இறங்கிட்டாங்கம்பார். சார், உங்க பஸ்ல யாருமே ஏறலைதானே?"

டெக்னீஷியன் டம்ளரை மேசையில் வைத்தார். வைத்த பிறகும் விரல்கள் அதைப் பிடித்தபடியே இருந்தன.

"டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார் மேடம். உங்க வீட்டாளுங்க, சொந்தக்காரங்க, பக்கத்து வீடு, ஃப்ரெண்ட்ஸ், யாராவது இருபது பேரைக் கூட்டிட்டு வாங்க, ஒரு சொட்டு ரத்தம்தானேன்னார். சரின்னுட்டேன். ரெண்டு நாள் யோசிச்சேன். எனக்கு யாரைக் கேக்கறதுன்னே தெரியல."

"பக்கத்து வீடு?"

"போனேன். ஒன்பது வருஷமா குடியிருக்கேன். கதவைத் திறந்து, நீங்க எந்த வீடுன்னு கேட்டாங்க. அட்ரஸ் மாறி வந்துட்டேன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன்."

அவர் இடது கைச் சட்டையை மேலே தள்ளினார். முழங்கை மடிப்பில் பழைய ஊசித் தழும்புகள் இருந்தன.

"இருபது நாளும் நானேதான் எடுத்தேன். ஒரே ஆள் ரத்தம்னாலும் ஆரோக்கியமான ரத்தம்தானேன்னு நெனச்சேன். எனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்ல மேடம்."

"வயசை மாத்தி எழுதினவர் சாப்பாட்டையும் மாத்தி எழுதியிருக்கலாமே?" என்றார் கண்டக்டர். கேலியாகக் கேட்கவில்லை.

"வயசு டாக்டருக்கு, சார். சாப்பாடு டெஸ்ட்டுக்கு. மெஷின்கிட்டப் பொய் சொல்லக் கூடாது."

செக்கிங்கம்மா அந்த விளக்கத்தாளை அவர் முன்னால் விரித்து 0.40ஐ விரலால் காட்டினார். பிறகு ஃபைலில் இருந்த இருபது எண்களையும் காட்டினார். எல்லாம் 0.95க்கும் 1.08க்கும் நடுவில்.

"சார், இந்தத் தாளைச் சரியில்லைன்னு நெனச்சீங்க. ஆளைச் சரின்னு நெனச்சிட்டீங்க. பால், முட்டை, மீன் எதுவுமில்லாம வெறும் பன்னும் டீயும்னா அந்த பி பன்னிரண்டு எங்கேர்ந்து வரும்? சுவத்தைப் பிடிக்காம இந்த அறையோட அந்தக் கோடி வரைக்கும் நடந்து காட்டுங்க பார்ப்போம்."

அவர் நடக்கவில்லை. தன் கால்களைக் குனிந்து பார்த்தார். இருபத்து நான்கு வருஷமாக மற்றவர்கள் ரத்தத்தைப் படித்த மனுஷர். இப்போது தன்னுடையதைப் படிப்பதற்கு அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அப்ப அந்த இருநூத்தி பதினாலு பேர்…" என்றார்.

"உங்களை மாதிரியே இருந்தா நார்மல்னு சொல்லி அனுப்பியிருக்கீங்க. எத்தனை பேருக்கு நிஜமாவே தேங்கியிருக்குன்னு இனிமேதான் பார்க்கணும். அதுல ஒருத்தர் கிரேன் ஓட்டறவர். நாலு மணிக்கு அவரைப் போதைக்காரன்னு சொல்லி வெளியே தள்ளப் போறாங்க. வேலையாவது பரவாயில்ல. இன்னும் லேட்டானா அவர் கால் பழையபடி ஆகாதுன்னு வெளி டாக்டர் சொல்லியிருக்கார்."

"நான் சொல்லிட்டா டாக்டர் என்னை வெச்சுக்க மாட்டார்."

"மாட்டார்" என்றார் செக்கிங்கம்மா. பொய் சொல்ல மனசு வரவில்லை.

"காலையில எழுந்து போறதுக்கு எனக்கு இந்த இடத்தை விட்டா வேற இடம் இல்ல மேடம்."

எத்தனையோ பேரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார் செக்கிங்கம்மா. யாரையும் தன்னோடு ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. இருபது பேரைக் கூட்டிக்கொண்டு வா என்று தன்னிடம் யாராவது சொல்லியிருந்தால்? மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். கண்டக்டர் ஒன்று. சாவிக்கடைக்காரர் இரண்டு. வெளிநாட்டிலிருக்கும் தம்பி, வருவானா தெரியாது, சரி, மூன்று. ஏழில் நின்றுவிட்டது. அந்த ஏழில் இரண்டு பேர் இறந்துபோய்விட்டார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. அவருக்குப் பயமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்வதென்றால், அழுகையும் வந்தது.

"நான் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது சார். என்கிட்ட இப்ப அந்தப் பழைய பேட்ஜ்கூட இல்ல" என்று எழுந்தார்.

டெக்னீஷியன் மெஷினை நிறுத்தினார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார், விரல் இடுக்கெல்லாம். பிறகு கேட்டார். "துறைமுகத்துக்கு எந்த பஸ்?"

"அதை எங்ககிட்டயா கேக்கறீங்க?" என்றார் கண்டக்டர்.

முகப்பில் டாக்டரிடம் அவரே சொன்னார், நின்றபடி, நாலே வாக்கியத்தில். டாக்டரின் முகம் வெளுத்துப்போயிற்று. "சாவியை வெச்சிட்டுப் போங்க" என்றார். அவர் வைத்துவிட்டுப் போனார். டாக்டரைப் பற்றியும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அன்று மத்தியானமே முகப்புப் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் தானே போன் போட உட்கார்ந்துவிட்டார்.

விசாரணை அறையில் நீள மேசை. அந்தப் பக்கம் அதிகாரியும் கம்பெனி டாக்டரும். இந்தப் பக்கம் கிரேன்காரர், முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்தபடி. அவர் மனைவி கதவோரம் நின்றாள்.

"லேப் ரிப்போர்ட்ல ஒரு குறையும் இல்ல" என்று அதிகாரி படிக்க ஆரம்பித்தார். "ஆரோக்கியமான இருபது பேரோட ஒப்பிட்டுத்தான்…"

"அந்த இருபது பேரும் நான்தான் சார்."

அறையில் எல்லோரும் திரும்பினார்கள். வெள்ளைக் கோட்டைக் கழற்ற மறந்து வந்துவிட்ட மனிதர் ஒருவர், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஃபைலை மேசைமேல் வைத்தார். சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னார். யாரைக் கேட்பது என்று தெரியாததையும் சேர்த்துச் சொன்னார். அதை விட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம்தான். அவர் விடவில்லை.

கம்பெனி டாக்டர் விளக்கத்தாளை இரண்டு தடவை படித்தார். எழுந்து வந்து கிரேன்காரரை நிற்கச் சொன்னார். "காலைச் சேர்த்து வெச்சுக் கண்ணை மூடுங்க." மூடிய மறு நொடியே அவர் ஆடினார்.

"நீங்களும் பக்கத்துல வந்து நில்லுங்க" என்றார் டெக்னீஷியனைப் பார்த்து. "கண்ணை மூடுங்க."

டெக்னீஷியன் மூடினார். அவரும் ஆடினார். ஒருவர் இந்தப் பக்கம் சாய, மற்றவர் அந்தப் பக்கம் சாய, இரண்டு பேரும் குருட்டாம்போக்கில் கையை நீட்டி ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"போதையும் இல்ல, மண்ணும் இல்ல" என்றார் கம்பெனி டாக்டர். அவருக்குத் தன்மேலேயே கோபம். "நான் காகிதத்தைப் பார்த்தேனே தவிர ஆளைப் பார்க்கல. இன்னைக்கே ஊசியை ஆரம்பிக்கணும், ரெண்டு பேருக்கும். கால் பெரும்பாலும் பழையபடி ஆயிடும்."

அதிகாரி பேனாவை எடுத்து, எழுதியிருந்ததை அடித்தார். மருத்துவ விடுப்பு, வேலை அப்படியே இருக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கதவோரம் நின்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

வெளியே தாழ்வாரத்தில் டெக்னீஷியன் தனியாக நின்றிருந்தார். கிரேன்காரர் சுவரைத் தடவித் தடவி அவரிடம் போனார். செக்கிங்கம்மா தடுக்க ஓரடி எடுத்து வைத்தார். கண்டக்டர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மூணு மாசமா என் பையன் என் வாயை மோந்து பார்த்துட்டுத்தான் வீட்டுக்குள்ள விடுறான்" என்றார் கிரேன்காரர். "பெத்த பையன். தினமும் வாசல்ல நின்னு வாயைத் திறந்து காட்டுவேன். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. என்னை மன்னிக்கக் கூட வேண்டாம்."

கிரேன்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மாறிப் போட்டிருந்த பொத்தானைப் பார்த்தார்.

"நீங்களும்தானே தள்ளாடினீங்க. உங்களை யார் மோந்து பார்த்தா?"

"யாருமில்ல."

"வீட்ல?"

"யாருமில்ல சார். நான் தள்ளாடுறேன்னு சொல்லவே ஆள் இல்ல."

கிரேன்காரர் ஒரு வசவுக்காக வாயில் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை விழுங்கினார். பிறகு முழங்கையை மடக்கி அவர் பக்கம் நீட்டினார்.

"புடிச்சுக்குங்க. கீழ போக பன்னெண்டு படி இருக்கு. எனக்கும் புடிக்க ஆள் வேணும்."